புதுச்சேரிக்கு எத்தனை எழுத்து?

ஞாயிற்றுக்கிழமை காலையில எங்க வீட்டு மொட்டைமாடியில ஏழெட்டு கல்லூரிப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். கட்டணம் கிடையாது. பெரும்பாலும் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். போன முறை கொடுத்த வேலை ரொம்ப எளிமை. நம்ம ஊர்ல கடற்கரைப் பக்கம் போனா நீலப் பலகையில ஒரே தெருவுக்குப் பிரெஞ்சுலயும் தமிழ்லயும் பெயர் இருக்கும், இல்லையா? அந்தப் பெயர்களை ஊர், பின்கோடோட ஒரு பட்டியலா அடிச்சுக்கிட்டு வரணும்.

பட்டியலைச் சரிபார்க்க ஒரு சின்ன கமாண்ட் லைன் கருவியை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். மேற்கோள்குறிக்குள் ஊர்ப்பெயர், பிறகு காற்புள்ளி, பிறகு பின்கோடு. இதில் எது தவறினாலும் வரி எண்ணையும் இட எண்ணையும் சொல்லி, அந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு கூரைக்குறி (^) போடும். கம்பைலர்கள் காலங்காலமாகச் செய்வதுதான்.

ஒரு மாணவி ஒரு வரியில் காற்புள்ளியை விட்டுட்டாங்க. அவங்க அடிச்சது இது:

"புதுச்சேரி" 605001

கருவி சொன்ன பதில்: வரி 4, இடம் 33, இங்கே காற்புள்ளி வேண்டும்.

அந்த வரியை நீங்களே எண்ணிப் பாருங்க. மேற்கோள்குறி ரெண்டு, ஊர்ப்பெயர்ல அஞ்சு எழுத்து, ஒரு இடைவெளி, ஆறு இலக்கம். மொத்தம் 14. அதில் 33-ஆவது இடம்னு ஒண்ணு இல்லவே இல்லை. கூரைக்குறி வரியைத் தாண்டி வெற்றிடத்துல போய் நின்னுது. அவங்க ஊர்ப்பெயரை ரெண்டு தடவை அழிச்சு அடிச்சுப் பார்த்திருக்காங்க. மாறவே இல்லை. கடைசியா அதே ஊரை ஆங்கிலத்துல அடிச்சாங்க. இப்போ பிழை 14-ஆவது இடத்துலன்னு வந்தது, குறியும் மேற்கோள்குறியைத் தாண்டின உடனே கச்சிதமா நின்னுது. காற்புள்ளி இல்லைங்கிறது ஒரே நொடியில் புரிந்துவிட்டது.

அப்புறம் அவங்க கேட்டதுதான் எனக்கு உறுத்தியது. "தமிழ்ல அடிச்சா இதுக்குப் புரியாது போல, அண்ணா. எல்லாத்தையும் இங்கிலீஷ்லயே மாத்திடவா?"

தப்பு அவங்க தமிழ்ல இல்லை, என் கருவியில. அதைச் சரிசெய்யப் போய் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு கேள்வி, நாலு விடை

"புதுச்சேரிக்கு எத்தனை எழுத்து?" என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் விரல்விட்டு எண்ணி அஞ்சு என்று சொல்லும்: பு, து, ச், சே, ரி. கணினியைக் கேட்டால், எந்தக் கணக்கு என்று நாம் சொல்லாவிட்டால், நாலு விதமான விடை வரலாம்.

முதலாவது பைட் கணக்கு. கோப்பு வட்டில் கிடப்பது பைட்டுகளாகத்தான். இன்று பெரும்பாலான கோப்புகள் யூடிஎஃப்-8 முறையில் இருக்கின்றன. 1992-ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த முறை இது. ஆங்கில எழுத்துக்கு 1 பைட், பிரெஞ்சின் சாய்கோடு போட்ட எழுத்துக்கு 2 பைட், தமிழுக்கு 3 பைட், பெரும்பாலான எமோஜிக்கு 4 பைட். யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை இடம். யூடிஎஃப்-8-ல் 2047 வரைதான் 2 பைட்டில் அடங்கும் என்பதால் தமிழ் முழுக்க 3 பைட் பக்கம் விழுந்துவிட்டது. 'க' என்பது 2965. கோப்பில் அது 224, 174, 149 என்று மூன்று பைட்டாக இருக்கும்.

இரண்டாவது குறியீட்டுப் புள்ளிக் கணக்கு. யூனிகோடில் 'பு' ஒரே புள்ளி இல்லை. 'ப' ஒன்று, உகரக் குறி ஒன்று. 'ச்' என்பது 'ச'வும் புள்ளியும். அப்படி எண்ணினால் புதுச்சேரிக்கு 10. ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 30 பைட்.

மூன்றாவது திரை அகலம். டெர்மினல் என்பது கட்டம் போட்ட நோட்டு மாதிரி. ஒரு குறி எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதற்கு ஒரு கணக்கு வேண்டும். மார்க்கஸ் கூன் எழுதி, பலரும் எடுத்தாண்ட அகலக் கணக்கு நிரலின்படி புதுச்சேரிக்கு 9 கட்டம்.

நான்காவது பள்ளிப் பிள்ளையின் கணக்கு, 5. இதற்கு யூனிகோடிலும் ஒரு பெயர் உண்டு. 'கிராஃபீம் கிளஸ்டர்' என்பார்கள், எழுத்துக் கொத்து என்று வைத்துக்கொள்வோம். வாசிப்பவர் ஒரே எழுத்தாகப் பார்ப்பது எதுவோ, அது ஒரு கொத்து.

ஆக 30, 10, 9, 5. நாலுமே சரியான விடைதான், ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கு. என் கருவி பைட்டை எண்ணிவிட்டு, அதையே திரை அகலம் என்று நினைத்து 32 இடைவெளி விட்டுக் குறியைப் போட்டது. மேற்கோள்குறி 1, ஊர்ப்பெயர் 30, மேற்கோள்குறி 1, அடுத்தது 33. எழுத்துக் கணக்கில் அது 8-ஆவது இடம்.

இவ்வளவு நாள் ஏன் கண்ணில் படவில்லை?

நம்ம ஊருக்கு மூணு மொழியில் பெயர் இருப்பது இங்கே உதவுகிறது. ஆங்கிலப் பெயர் 11 எழுத்து, 11 பைட். வித்தியாசமே இல்லை. பிரெஞ்சுப் பெயரில் 10 எழுத்து, அதில் ஒன்றின்மேல் சாய்கோடு இருப்பதால் 11 பைட். வித்தியாசம் ஒன்றுதான். தமிழில் 5 எழுத்து, 30 பைட்.

பிரெஞ்சுப் பெயரை வைத்து அதே பிழையைச் செய்து பார்த்தேன். காற்புள்ளி இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு அடுத்ததாக, பின்கோட்டின் முதல் இலக்கமான 6-க்குக் கீழே குறி நின்றது. பார்ப்பவர், "சரி, 6-க்கு முன்னாடி ஏதோ இல்லை போல" என்று தானே புரிந்துகொள்வார். தவறு என்று யாரும் புகார் செய்யப்போவதில்லை.

ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. ஐரோப்பிய மொழிகளில் ஒன்றிரண்டு இடம் நகரும், மனிதக் கண் அதைச் சமாளித்துக்கொள்ளும். தமிழுக்கு வரும்போதுதான் குறி வரியைவிட்டே ஓடிப்போகிறது. அப்போது பார்ப்பவருக்குக் கருவிமேல் சந்தேகம் வருவதில்லை, தன் மொழிமேல் வருகிறது. அந்த மாணவிக்கு நடந்ததும் அதுதான்.

பெரிய கருவிகள் என்ன செய்கின்றன?

நான் மட்டும்தான் குழம்பினேனா என்று பார்த்தேன். இல்லை. ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

கோ மொழியின் கம்பைலர் இட எண்ணைப் பைட்டில் சொல்கிறது. ரஸ்ட் குறியீட்டுப் புள்ளியில் சொல்கிறது, ஆனால் குறியை வரையும்போது திரை அகலத்தைத் தனியாகக் கணக்கிடுகிறது. பைத்தானுக்குள்ளேயே ரெண்டு கணக்கு உண்டு. தொடரியல் பிழை வந்தால் தரும் எண் குறியீட்டுப் புள்ளிக் கணக்கு. நிரலைப் பகுத்து மரமாகத் தரும் 'ஏஎஸ்டி' பகுதியில் இருக்கும் எண் யூடிஎஃப்-8 பைட் கணக்கு. ரெண்டையும் ஒன்று என்று நினைத்து ஒரு கருவி எழுதினால், ஆங்கிலத்தில் எல்லாம் சரியாக ஓடும்.

ஜிசிசி கம்பைலரில் 2021-ல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து எந்தக் கணக்கு வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம், பைட்டா திரை அகலமா என்று. சொல்லாவிட்டால் திரை அகலம். விம் எடிட்டரின் கீழ்வரியைக் கவனித்திருந்தால் தெரியும். பைட் எண்ணும் திரை எண்ணும் வேறுபடும்போது நடுவில் ஒரு சிறுகோடு போட்டு ரெண்டையும் காட்டும். எனக்குப் பிடித்த நேர்மை அது.

எடிட்டர்களுக்கும் மொழிக் கருவிகளுக்கும் இடையில் பேச்சு நடத்தும் 'லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்' இன்னொரு வழி. அது யூடிஎஃப்-16 முறையில் எண்ணுகிறது. அன்றாடத் தமிழுக்கு இதுவும் குறியீட்டுப் புள்ளிக் கணக்கும் ஒன்றுதான். ஆனால் எமோஜி வந்தால் மாறும். 2019-ல் யூனிகோட் 12-ல் சேர்ந்த முந்திரி, மாகாணி போன்ற பழைய பின்னக் குறிகளுக்கும் இது பொருந்தும். அவை 65535-ஐத் தாண்டிய இடத்தில் இருப்பதால் ஒன்றுக்கு ரெண்டு என்று எண்ணப்படும். 2022-ல் வந்த 3.17 பதிப்பில்தான் இரு தரப்பும் பேசி வேறு கணக்கைத் தேர்ந்தெடுக்க வழி செய்தார்கள்.

தமிழுக்கென்றே செய்த வேலையும் இருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழியில் 'பதிப்பி', 'ஆனால்', 'முடி' என்று தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதலாம். அதைப் பற்றிய அவருடைய கட்டுரை 2009-ல் வந்தது. அந்த முயற்சியோடு வளர்ந்த ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில், ஒரு சொல்லைக் குறியீட்டுப் புள்ளிகளாக இல்லாமல் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தரும் செயற்கூறு இருக்கிறது. புதுச்சேரியைக் கொடுத்தால் அஞ்சு எழுத்தாகத் தரும். என் பள்ளிக் கணக்கு அங்கே தயாராகவே கிடந்தது.

திரை அகலம் என்ற மாயமான்

சரி, பைட்டுக்குப் பதில் திரை அகலத்தை எண்ணினால் போதுமே என்று முதலில் நினைத்தேன். அங்கேதான் பெரிய பள்ளம்.

கூனின் கணக்கு, துணைக்குறிகளை ரெண்டாகப் பிரிக்கும் யூனிகோட் வகைப்பாட்டை நம்பி நிற்கிறது. இடம் பிடிக்காத குறிக்கு 0, இடம் பிடிக்கும் குறிக்கு 1. நம் எழுத்தில் புள்ளி 0. இகரக் குறி 1. ஈகாரக் குறி 0! அதாவது 'ரி' 2 கட்டம், 'ரீ' 1 கட்டம். ரெண்டையும் கையால் எழுதிப் பார்த்து இதை நியாயப்படுத்த என்னால் முடியவில்லை. அட்டவணையில் அப்படி இருக்கிறது, அவ்வளவுதான்.

பக்கத்துல இருக்கிற காரைக்காலை எடுத்துக்குங்க. கா, ரை, க், கா, ல். இதுவும் 5 எழுத்து, 10 குறியீட்டுப் புள்ளி, 30 பைட். ஆனா புள்ளி வெச்ச எழுத்து ரெண்டு இருக்கிறதால அகலம் 8. புதுச்சேரிக்கு 9. மத்த மூணு கணக்குலயும் ஒண்ணா இருக்கிற ரெண்டு ஊர் இதுல மட்டும் பிரிஞ்சு போகுது.

இதோடு முடியவில்லை. அகல அட்டவணைகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. டெர்மினல்களும் அப்படியே. சில டெர்மினல்கள் உயிர்மெய்யைச் சேர்த்து வரைகின்றன. சில, 'சே'வில் ஏகாரக் குறியைத் தனியாகத் தூக்கிப் போடுகின்றன. நான் எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டாலும், வாசிப்பவருடைய டெர்மினல் அதே கணக்கைப் போட்டால்தான் குறி நேராக விழும். அது என் கையில் இல்லை.

எழுத்துக் கொத்துக் கணக்குக்கும் ஒரு வரம்பு உண்டு. 'க்ஷ', 'ஸ்ரீ' ரெண்டும் கண்ணுக்கு ஒரே எழுத்து, யூனிகோடின் பொது விதிக்கு ரெண்டு கொத்து. நம் ஒன்றியப் பகுதியிலேயே ஏனாமில் தெலுங்கு, மாஹேயில் மலையாளம். அந்த மொழிகளின் கூட்டெழுத்துகளைச் சேர்த்து எண்ணும் விதி 2023-ல் யூனிகோட் 15.1-ல்தான் வந்தது. அதாவது எந்தப் பதிப்பு நூலகம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். மனிதரிடம் பேச இந்தக் கணக்கு நல்லது. ரெண்டு கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உதவாது.

கண்ணுக்குத் தெரியாதவை

பிள்ளைகள் கொண்டுவந்த கோப்புகளைச் சோதிக்கும்போது இன்னும் நாலு வம்பு வந்தது.

ஒன்று, 'கொ'. இதை 'க' + ஒகரக் குறி என்று ரெண்டு புள்ளியாகவும் வைக்கலாம், 'க' + எகரக் குறி + கால் என்று மூன்று புள்ளியாகவும் வைக்கலாம். திரையில் ஒன்றேதான். ஒன்று 6 பைட், மற்றது 9 பைட். பிரெஞ்சின் சாய்கோட்டு எழுத்துக்கும் இதே ரெட்டை வேடம் உண்டு. பெயர்களை ஒப்பிடுவதற்கு முன் யூனிகோடின் இயல்பாக்கத்தைச் செய்ய வேண்டும். ஆனால் பிழை எண்ணைச் சொல்லும்போது மூலக் கோப்பில் இருந்தபடியேதான் எண்ண வேண்டும். இயல்பாக்கிய பிறகு எண்ணினால் எடிட்டர் வேறு இடத்தைக் காட்டும்.

இரண்டு, கோப்பின் தொடக்கத்தில் எக்செல் வைக்கும் அடையாளம். யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து சிஎஸ்வி-யாகச் சேமித்தால் முதலில் 239, 187, 191 என்ற மூன்று பைட் வரும். முதல் வரியில் மட்டும் எல்லா எண்ணும் தள்ளிப்போகும்.

மூன்று, வெட்டி ஒட்டும்போது கூடவே வரும் அகலமில்லா இணைப்புத்தடுப்பான், குறியீடு 8204. மூன்று பைட், திரையில் ஒன்றும் தெரியாது. ரெண்டு பெயர் ஒரே மாதிரி இருக்கும், கருவி வேறு வேறு என்று சாதிக்கும்.

நான்கு, பழைய கோப்புகள். பிரெஞ்சுப் பெயர்கள் பழைய லத்தீன்-1 முறையில் சேமிக்கப்பட்டிருந்தால் அந்தச் சாய்கோட்டு எழுத்து 233 என்ற ஒற்றை பைட். யூடிஎஃப்-8-ல் 224 முதல் 239 வரை வந்தால் "இன்னும் ரெண்டு பைட் பின்னால் வரும்" என்று பொருள். அடுத்து வருவது சாதாரண எழுத்து என்பதால் வாசிப்பு அங்கேயே நின்றுவிடும். பைத்தான் அப்போது தரும் எண், படிக்கக் கொடுத்த பைட்டுகளின் தொடக்கத்திலிருந்து எண்ணிய பைட், வரிக்குள் இருக்கும் இடம் இல்லை. அதை வைத்துக்கொண்டு கோப்பில் தேடினால் கிடைக்காது.

நான் மாற்றியது

கடைசியில் என் கருவியில் செய்த மாற்றங்கள் இவை.

உள்ளே ஒரே கணக்கு, பைட் மட்டும். அதில் குழப்பத்துக்கு இடமில்லை. வேறு எந்த எண் வேண்டுமானாலும் செய்தியை அச்சிடும் கடைசி நொடியில்தான் மாற்றுவது.

வெளியே சொல்லும்போது எதை எண்ணினேன் என்று சொல்வது. "இடம் 33" என்று மொட்டையாகச் சொல்வதில்லை. "எழுத்து 8, பைட் 33" என்று சொல்கிறேன். முதலாவது மனிதருக்கு, இரண்டாவது கருவிகளுக்கு.

கூரைக்குறியைக் கைவிட்டுவிட்டேன். கீழ்வரியில் இடைவெளி எண்ணிக் குறி போடுவதற்குப் பதில், வரியைத் திரும்பக் காட்டும்போது பிழை இருக்கும் இடத்திலேயே ஒரு குறியைச் செருகுகிறேன். இப்போது செய்தி இப்படி வரும்:

வரி 4, எழுத்து 8, பைட் 33: இங்கே காற்புள்ளி வேண்டும்
"புதுச்சேரி"▶ 605001

இதில் அகலக் கணக்கே இல்லை. எந்த டெர்மினலில், எந்த எழுத்துருவில் பார்த்தாலும் குறி சரியான எழுத்துக்கு அடுத்துதான் இருக்கும். வாட்ஸப்பில் ஒட்டி அனுப்பினாலும் நகராது. டெர்மினலில் நிறம் காட்ட முடிந்தால் பிழைப் பகுதியைச் சிவப்பாகவும் காட்டுகிறேன்.

குறியைச் செருகினாலும் நிறம் போட்டாலும் எழுத்துக் கொத்தின் எல்லையில்தான் செய்ய வேண்டும். பிழை 'சே'வின் நடுவில் இருக்கிறது என்று பைட் எண் சொன்னாலும், 'சே' முழுவதையும் உள்ளடக்கும்படி விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் 'ச' ஒரு பக்கம், ஏகாரம் ஒரு பக்கம் என்று பிய்ந்துவிடும். நீளமான வரியை வெட்டிக் காட்டும்போதும் இதே விதி. 80 பைட்டில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்து நிற்கும். அந்தக் குறியைப் பார்க்காத தமிழர் யார் இருக்கிறோம்?

கண்ணுக்குத் தெரியாத குறியையும் உடைந்த பைட்டையும் எண்ணால் சொல்வது. "இங்கே 8204 என்ற மறைகுறி இருக்கிறது" என்றால் தேடிப் பிடிக்கலாம்.

கடைசியாக, சோதனைக் கோப்பு. முன்பு அதில் ஆங்கிலப் பெயர்கள் மட்டும்தான் இருந்தன. இப்போது புதுச்சேரி, காரைக்கால், 'கொ' ரெண்டு வடிவத்திலும், பிரெஞ்சுத் தெருப்பெயர்கள், ஒரு எமோஜி எல்லாம் இருக்கின்றன. இதை முதல் நாளே செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அடுத்த ஞாயிறு அந்த மாணவிக்குப் புதிய பதிப்பைக் கொடுத்தேன். பழைய வரியையே வேண்டுமென்று திரும்ப அடிச்சுப் பார்த்தாங்க. செய்தியைப் படிச்சாங்க, காற்புள்ளியைப் போட்டாங்க, அடுத்த வரிக்குப் போயிட்டாங்க. ஒண்ணும் சொல்லலை. பிழைச்செய்தி சரியா இருந்தா யாரும் அதைப் பத்திப் பேச மாட்டாங்க. கோப்புல ஊர்ப்பெயர் மட்டும் தமிழ்லயே இருந்தது.

நீங்க ஒரு கருவி எழுதுறவரா இருந்தா, உங்க ஊர்ப்பெயரைத் தமிழ்ல அடிச்சு, பக்கத்துல வேணும்னே ஒரு பிழை விட்டுப் பாருங்க. யாழ்ப்பாணம்னா 6 எழுத்து, 11 குறியீட்டுப் புள்ளி, 33 பைட். உங்க கருவி இதுல எதை எண்ணுதுன்னு தெரிஞ்சுக்க ரெண்டு நிமிஷம் போதும்.